பதக்கம் வராத ஞாயிறுகள்

தியானப் பகுதி: ரோமர் 14:5-9, எபிரெயர் 11:32-40



சென்ற மாதம் வாலிபர் கூடுகையில் எரிக் லிடெலின் கதையைச் சொன்னேன். உங்களில் பலருக்கு அது மனப்பாடம். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையன்று நடக்கும் என்று அறிந்து, அதில் ஓட மறுத்த ஸ்காட்லாந்து வாலிபர். தமக்குப் பழக்கமில்லாத 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமையன்று கலந்துகொண்டு, 47.6 வினாடிகளில் ஓடி முடித்து, உலக சாதனையோடு தங்கப் பதக்கம் பெற்றார். அவரைப் பற்றிய 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தை முன்னொரு நாள் நம் ஆலய வளாகத்தில் திரையிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போய்விட்டது.

கூட்டம் முடிந்து வாலிபர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் வந்தாள். "ஐயா, அந்த 400 மீட்டர்ல அவர் தோத்திருந்தா, இந்தக் கதைய எங்களுக்குச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அரசுப் பணிக்கான தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறாள். அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலையில். தேர்வு மையத்துக்குள் நுழைய வேண்டிய நேரமும் நம் ஆராதனை ஆரம்பமாகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நான், "ஜெபிப்போம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போதகர்களாகிய எங்களுக்குப் பதில் தெரியாதபோது வாயில் முதலாவதாக வருகிற சொல் அதுதான்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. நெடுநாளாக நினைத்துப் பார்க்காத வேறொரு விளையாட்டு வீரரின் பெயர் நினைவுக்கு வந்தது. மைக்கேல் ஜோன்ஸ்.

அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது 1991-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில். அப்போது நான் இறையியல் கல்லூரி மாணவன். நியூசிலாந்திலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் பழைய ஏற்பாடு கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தவரின் முகம் வாடியிருந்தது. வீட்டில் துக்கச் செய்தியோ என்று பயந்துபோய்க் கேட்டோம். உலகக் கோப்பை ரக்பி அரையிறுதியில் தம் நாடு தோற்றுவிட்டது என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் அணியின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் நேற்று ஆடவில்லை. ஞாயிறு என்பதால் ஆடவில்லை. நான் பத்துக் கட்டளைகளைப் போதிக்கிறவன். ஆனாலும் அந்த ஒரு ஞாயிறு மட்டும் அவர் ஆடியிருக்கக் கூடாதா என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு யாத்திராகமத்தைத் திறக்கச் சொன்னார்.

ரக்பி நம் ஊரில் அதிகம் தெரியாத விளையாட்டு. அணிக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் எறிந்தால் பக்கவாட்டிலோ பின்புறமாகவோதான் எறிய வேண்டும். முன்னோக்கி எறியக் கூடாது. பந்தோடு ஓடி வருகிறவனை எதிரணியார் இடுப்பையோ கால்களையோ கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். கபடியில் பாடி வருகிறவனை மடக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருகிறவன் நூறு கிலோ எடையோடு முழு வேகத்தில் வருவான். விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். அந்தக் கணத்தில் யார் முதலில் அங்கே வந்து சேருகிறார்களோ அவர்களுக்கே பந்து. அப்படி முதலில் வந்து சேருவதையே தன் வேலையாகக் கொண்டவன் ஏழாம் எண் சட்டை அணிந்த 'ஃபிளாங்கர்'. ஓட்டக்காரனின் கால்களும் மல்லனின் தோள்களும் அவனுக்கு வேண்டும். மைக்கேல் ஜோன்ஸ் அந்த இடத்தில் ஆடியவர். அந்த இடத்தில் உலகம் கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று விளையாட்டை அறிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அவர் 1965-இல் பிறந்து ஆக்லாந்து நகரில் வளர்ந்தவர். தாயார் சமோவா தீவைச் சேர்ந்தவர். சமோவாவைப் பற்றி இரண்டு வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனெனில் நமக்கும் அந்தத் தீவுக்கும் ஓர் உறவு உண்டு. 1830-இல் ஜான் வில்லியம்ஸ் என்ற மிஷனரி அங்கே சுவிசேஷத்தோடு கரையிறங்கினார். அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். நாகர்கோவிலில் நம் முன்னோருக்குப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் தந்த அதே சங்கம். எரிக் லிடெலைச் சீனாவுக்கு அனுப்பியதும் அதுவே. சமோவாவின் கிராமங்களில் இன்றும் மாலை வேளையில் சங்கோ மணியோ ஒலித்தால் ஊர் அடங்கிவிடும். தெருவில் நடமாட்டம் நிற்கும். ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப ஜெபம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளை உடை உடுத்து ஆலயத்துக்குப் போவார்கள். நம் பாட்டிமார் சனிக்கிழமை இரவே மறுநாளுக்கான சமையலில் பாதியை முடித்து வைத்த நாட்களை அறிந்தவர்களுக்கு அந்தத் தீவு அந்நியமாகத் தோன்றாது. அத்தகைய பக்தியின் வாசனையுள்ள ஒரு வீட்டிலிருந்து வந்தவர் ஜோன்ஸ்.

1986-இல் சமோவா அணிக்காக வேல்ஸுக்கு எதிராக ஒரே ஒரு பன்னாட்டுப் போட்டியில் ஆடினார். மறு ஆண்டு நியூசிலாந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கறுப்புச் சீருடை அணிவதால் 'ஆல் பிளாக்ஸ்' என்று அழைக்கப்படும் அந்த அணியில் இடம் பெறுவது அந்நாட்டில் எத்தனையோ சிறுவர்களின் கனவு. 1987 மே 22-இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் ரக்பி வரலாற்றின் முதல் உலகக் கோப்பையின் முதல் போட்டி நடந்தது. இத்தாலியை எதிர்த்து ஆடிய அந்தப் போட்டியில்தான் ஜோன்ஸ் கறுப்புச் சட்டையில் அறிமுகமானார். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவதை 'டிரை' என்பார்கள். அன்று முதல் டிரை நடுவரால் தண்டனையாக வழங்கப்பட்டது. அடுத்ததை ஜோன்ஸ் பதித்தார். ஆகவே உலகக் கோப்பையில் ஒரு வீரர் தம் கையால் பதித்த முதல் டிரை அவருடையதே.

அந்தக் காலத்தில் ரக்பிப் போட்டிகள் வழக்கமாகச் சனிக்கிழமைகளில் நடந்தன. ஞாயிற்றில் ஆடுவதில்லை என்ற தீர்மானம் அவருக்குப் பெரிய சோதனையாக வருவதற்கு வாய்ப்பு குறைவு. உலகக் கோப்பை வந்தபோதுதான் நிலைமை மாறியது. எல்லாப் போட்டிகளையும் மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கும்படி காலிறுதிகளையும் அரையிறுதிகளையும் ஞாயிறு உட்பட வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்து வைத்தார்கள். 1987 ஜூன் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேன் நகரில் வேல்ஸுக்கு எதிரான அரையிறுதியில் ஜோன்ஸ் களமிறங்கவில்லை. அணி 49-6 என்று எளிதாக வென்றது. அடுத்த சனிக்கிழமை, ஜூன் 20, ஈடன் பார்க்கில் பிரான்சுக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவர் திரும்பி வந்து அணியின் முதல் டிரையைப் பதித்தார். 29-9. கோப்பை நியூசிலாந்துக்கு.

கதை இங்கே முடிந்திருந்தால் அது லிடெலின் கதையைப்போலவே இருந்திருக்கும். ஞாயிற்றை ஆண்டவருக்குக் கொடுத்தார், ஆண்டவர் சனிக்கிழமையில் அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று நான் மகிழ்ச்சியோடு பிரசங்கித்திருப்பேன். ஆனால் கதை முடியவில்லை.

1989-இல் அர்ஜென்டினாவுக்கு எதிரான போட்டியில் அவருடைய முழங்கால் மிக மோசமாகச் சிதைந்தது. அவர் மீண்டும் ஆடுவது சந்தேகம் என்றார்கள். ஆனாலும் திரும்பி வந்தார். 1991 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அந்தப் போட்டியின் ஒரே டிரையைப் பதித்ததும் அவர்தான். அது வியாழக்கிழமை. பிறகு நியூசிலாந்து அணிக்கு மூன்று ஞாயிறு ஆட்டங்கள் தொடர்ந்து வந்தன. அக்டோபர் 13-இல் இத்தாலி, 20-இல் காலிறுதியில் கனடா, 27-இல் டப்ளின் நகரில் அரையிறுதியில் ஆஸ்திரேலியா. மூன்றிலும் அவர் ஆடவில்லை. முதலிரண்டில் அவரில்லாமலே வென்றார்கள். மூன்றாவதில் 16-6 என்று தோற்றார்கள். அதற்கு மறுநாள்தான் எங்கள் ஆசிரியர் வாடிய முகத்தோடு வகுப்புக்கு வந்தார்.

ஜோன்ஸ் ஆடியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு கோப்பையையே வென்ற ஆஸ்திரேலிய அணி அது. ஆனால் அவருடைய மனசாட்சிக்கான விலையில் ஒரு பகுதியை அன்று மற்றப் பதினைந்து பேரும் சேர்ந்து கொடுத்தார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பிரசங்கத்தில் இதைச் சொல்வது எளிதன்று. விசுவாசத்துக்காக நாம் இழக்கிறதைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். நம் விசுவாசத்துக்காக நம் வீட்டாரும் உடன் வேலை செய்கிறவர்களும் இழக்கிறதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜோன்ஸைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஞாயிறு ஆடமாட்டார் என்று அறிந்தேதான் தேர்வாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு 1995. தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் உலகக் கோப்பை. ஜோன்ஸுக்கு வயது 30. நியூசிலாந்து முன்னேறினால் காலிறுதியும் அரையிறுதியும் ஞாயிறுகளில் விழும் என்பது அட்டவணையிலேயே தெரிந்தது. முக்கியமான இரண்டு நாட்களில் ஆட முடியாத ஒருவருக்கு ஓர் இடத்தை ஒதுக்குவதா? அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஜூன் 18, ஞாயிறு, அரையிறுதி. கேப் டவுன் நகரில் ஜோனா லோமு என்ற இருபது வயது இளைஞர் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரைகளைப் பதித்தார். ரக்பி என்றால் என்னவென்று அறியாத நாடுகள்கூட அன்று அந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தன. தம் அணியின் மிகப் பெரிய நாள்களில் ஒன்றில் ஜோன்ஸ் அந்த நாட்டிலேயே இல்லை. இறுதிப் போட்டி ஜூன் 24, சனிக்கிழமை. அவர் ஆடக்கூடிய கிழமை. ஆனால் அவர் அணியிலேயே இல்லை. கூடுதல் நேரம் வரை சென்று 15-12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. வென்ற வீரர்கள் ஆடுகளத்தின் நடுவே வட்டமாக முழங்காலிட்டு ஜெபித்தார்கள்.

அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. முழங்காலிட்டவர்கள் ஜெயித்தார்கள். ஓய்வுநாளை ஆசரித்தவர் வீட்டில் இருந்தார். இதில் எதை நாம் சாட்சியாகச் சொல்லப்போகிறோம்?

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை நாம் வாசிக்கும் விதத்தைக் கவனியுங்கள். 33, 34-ஆம் வசனங்களில் சிங்கங்களின் வாய் அடைபடுகிறது, அக்கினி அவிகிறது, சேனைகள் முறியடிக்கப்படுகின்றன. நம் சாட்சிக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வசனங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். 35-ஆம் வசனத்தின் நடுவில் ஆசிரியர் "வேறு சிலர்" என்று ஒரு திருப்பம் தருகிறார். அங்கிருந்து அடிபட்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், ஆட்டுத்தோல் போர்த்து அலைந்தவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே நற்சாட்சி உண்டு, அதே விசுவாசம் உண்டு. ஆனால் அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. முப்பது ஆண்டுகளில் நானும் அழைத்ததில்லை.

பந்தய நாளன்று லிடெலின் கையில் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்தார் என்பதையும் நான் தவறாமல் சொல்வதுண்டு. தேவனை மதிக்கிறவனைத் தேவனும் மதிப்பார் என்னும் 1 சாமுவேல் 2:30-இன் கருத்து அதில் இருந்தது. அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்து மறுபடியும் வாசித்தேன். அது ஓர் ஓட்டக்காரனுக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தமாக வரவில்லை. ஆலயத்தில் ஊழியம் செய்த ஏலி என்ற முதிய ஆசாரியனைக் கண்டித்துச் சொல்லப்பட்டது அது. ஜனங்களுடைய காணிக்கையில் கொழுத்ததைத் தன் வீட்டார் எடுத்துக்கொள்ள விட்டவனுக்கு வந்த வார்த்தை. வாலிபர்களுக்கு இனிப்பாக நான் கொடுத்து வந்த வசனம் உண்மையில் என்னைப் போன்றவர்களின் விலாசத்துக்கு வந்த கடிதம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஆலய வாசலில் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். ஞாயிறு ஆராதனை முக்கியமல்ல என்று நான் எழுதவில்லை. நம் பக்கத்து மக்கள் ஞாயிற்றை ஓய்வுநாள் என்றே அழைக்கிறோம். பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புகிறோம். வேதத்தின் ஓய்வுநாள் ஏழாம் நாள், நாம் கூடுகிறது வாரத்தின் முதல் நாளாகிய உயிர்த்தெழுதலின் நாள் என்பதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். இருந்தும் அந்தப் பழைய சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ரோமர் 14-இல் பவுல் நாட்களைப் பற்றி எழுதும்போது சட்டம் எழுதவில்லை. ஒருவன் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணுகிறான், மற்றொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயம் உடையவனாக இருக்கட்டும் என்ற அளவில் விட்டுவிடுகிறார். இருவருமே கர்த்தருக்கென்று செய்தால் போதும் என்கிறார். நம் சபையிலேயே ஞாயிற்றில் பேருந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க ஆலயத்தில் வந்து அமரும் செவிலியர் இருக்கிறார்கள். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த ரக்பி வீரர்களில் ஞாயிற்றில் ஆடும் நல்ல விசுவாசிகள் பலர் உண்டு.

லிடெலேகூடத் தம் கடைசி நாட்களில் ஒரு ஞாயிற்றை விட்டுக் கொடுத்தார். அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டே அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். அதற்கு முன்பே, 1922-23 ஆண்டுகளில், ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு ரக்பிப் போட்டிகளில் ஆடியவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் என்ற தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவர் விளையாட்டுகள் நடத்தினார், ஆனால் ஞாயிற்றில் நடத்தமாட்டார். ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் நடுவராக வந்து நின்றார். தங்கப் பதக்கத்துக்காக அசையாத மனிதர் சண்டையிட்ட பிள்ளைகளுக்காக அசைந்தார். 1945 பிப்ரவரியில், முகாம் விடுவிக்கப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், மூளைக் கட்டியால் அங்கேயே மரித்தார். வயது 43. தம் மூன்றாவது மகளை அவர் பார்த்ததே இல்லை.

ஜோன்ஸின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1996-இல் நியூசிலாந்து முதன்முறையாகத் தென்னாப்பிரிக்க மண்ணில் போட்டித் தொடரை வென்றபோது அவர் அணியில் இருந்தார். காயங்களால் முன்போல ஓட முடியாததால், அதே வரிசையில் ஓட்டத்தைவிட வலிமை அதிகம் வேண்டிய ஆறாம் எண்ணுக்கு மாறியிருந்தார். 1998-இல் ஓய்வு பெற்றார். நியூசிலாந்துக்காக 55 போட்டிகள். பின்னர் 2004 முதல் 2007 வரை சமோவா அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஆக்லாந்தில் பசிபிக் தீவு மக்களின் இளைஞர்கள் நடுவே உழைத்தார். அந்தச் சேவைக்காக 2017-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. பாருங்கள், மறுபடியும் ஒரு பதக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன். பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பட்டம் கிடைக்காமல் போயிருந்தாலும் 1991-இன் அந்த மூன்று ஞாயிறுகள் அப்படியேதான் இருந்திருக்கும்.

அவரைப் பற்றிய ஒரு சிரிப்புக் கதையும் உலவுகிறது. கிறிஸ்தவராக இருந்துகொண்டு எதிராளிகளை இவ்வளவு பலமாக மோதிச் சாய்க்கிறீர்களே என்று கேட்டார்களாம். அப்போஸ்தலர் 20:35-இல் பவுல் நினைவுகூரும் ஆண்டவரின் சொல்லைக் காட்டி, வாங்குகிற பக்கத்தைவிடக் கொடுக்கிற பக்கத்தில் இருப்பதே மேல் என்றாராம்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சபையில் ஒரு தம்பி இருந்தான். இன்றும் இருக்கிறான். அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு வந்தது. அதற்கு முந்தின வாரம் நான் லிடெலைப் பற்றிப் பிரசங்கித்திருந்தேன். ஆண்டவருக்காக ஒரு ஞாயிற்றை விட்டுக் கொடுத்தால் அவர் இரட்டிப்பாகத் தருவார் என்று பிரசங்க பீடத்திலிருந்து சொன்னேன். அவன் தேர்வுக்குப் போகவில்லை. அன்று ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தான். நான் பீடத்திலிருந்து அவனைப் பார்த்துப் புன்னகைத்தேன். அடுத்த இரண்டு முறை தேர்வு எழுதியும் தேறவில்லை. பிறகு வயது வரம்பு கடந்துவிட்டது. இப்போது ஒரு சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறான். ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை. அதே மூன்றாம் வரிசை.

ஜோன்ஸ் இழந்தது புகழ். அவர் காலத்தில், 1995 வரை, ரக்பி ஆட்டத்துக்குச் சம்பளமே கிடையாது. இந்தத் தம்பி இழந்தது ஒரு குடும்பத்தின் நிரந்தர வருமானம். இரண்டையும் நான் ஒரே மூச்சில் பேசி வந்தேன்.

சகோதரியின் கேள்வி வந்த மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தப் பிரசங்கத்தைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"பரீட்சைக்குப் போகாததுக்கு நான் வருத்தப்படல ஐயா. அது நானும் ஆண்டவரும் பேசி எடுத்த முடிவு, நீங்க சொன்னதுக்காக மட்டும் இல்ல. ஆனா அதுக்குப் பெறகு இத்தன வருசத்துல அந்தப் பரீட்சையப் பத்தி நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே. அதுதான் எனக்குச் சங்கடமா இருந்துது" என்றான்.

உண்மைதான். அவன் வேலையில் சேர்ந்திருந்தால் எத்தனை சாட்சிக் கூட்டங்களில் அவனை எழுந்து நிற்கச் சொல்லியிருப்பேன்! வேலை கிடைக்கவில்லை, ஆகவே நான் கேட்கவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அவன் அம்மா காப்பி கொண்டு வந்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்ததையெல்லாம் அவன் சொன்னான். நான் முழுவதையும் கேட்டேன். எழுந்திருக்கும்போது இரவு ஒன்பது மணி ஆகியிருந்தது.

சகோதரியிடமும் பேசினேன். எழுது என்றோ எழுதாதே என்றோ நான் சொல்லவில்லை. அவளுடைய மனதில் அவள் நிச்சயப்பட வேண்டிய காரியம் அது. லிடெல் தோற்றிருந்தால் அந்தக் கதையை நான் சொல்லியிருக்கமாட்டேன் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். ஜோன்ஸைப் பற்றியும், பெயர் சொல்லாமல் நம் தம்பியைப் பற்றியும் சொன்னேன். அது யார் என்று அவள் உடனே கண்டுகொண்டாள். நம் சபை அவ்வளவு பெரியதன்று. நான்கு நாள் கழித்து, தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள். அவள் முகத்தில் பயம் இல்லை, தயக்கமும் இல்லை. கர்த்தருக்கென்று ஆடாமலிருந்தவரைப் போலவே இவளும் கர்த்தருக்கென்று போகிறாள் என்று நான் நம்புகிறேன். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. எதையும் வாக்களிக்கவும் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஆராதனைக்கு முன், காலை 5 மணிக்குச் சுருக்கமான திருவிருந்து ஆராதனை நடைபெறும். அன்று பணிக்கும் தேர்வுக்கும் போகிறவர்களுக்காகவே இந்த ஒழுங்கு. மற்றவர்களும் வரலாம். தேர்வு மையம் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அந்த நேரத்தில் பேருந்து வசதி குறைவு. ஆறு மணிக்கு ஆலய வாசலில் ஒரு வண்டி நிற்கும். முன்னிருக்கையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று அதை ஓட்டுகிறவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் பெரிய ஆராதனை முடிந்துவிடும். அன்று மட்டும் மூன்றாம் வரிசையில் அவரைத் தேடாதீர்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்